இருபத்தைந்துக்கும் நாற்பதுக்கும் நடுவே

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குள் தலைப்பு வேண்டும்.
படிவத்தில் என் பெயர் இருக்கிறது, ரீனு கல்யுவே,
பதினோராம் வகுப்பு, கார்ட்லா.
கீழே ஒரு கோடு.
கோட்டின் மேல் இன்னும் யாரும் நடக்கவில்லை.

முதலில் எழுதியது 'பகா எண்கள்'.
மிக்கெல் எட்டிப் பார்த்தான்.
'கடல் என்று மட்டும் எழுதியிருக்கிறாய்.
எந்தக் கடல், எந்தக் கரை, எத்தனை மணிக்கு?'

பொன் விகிதம் என்றதும் சிரித்தே விட்டான்.
வருஷத்துக்கு மூன்று பேர் சூரியகாந்தியோடு வருகிறார்களாம்,
நூலகத்தில் பழைய கட்டுரைகள்
அடுக்கடுக்காக வாடிக்கிடக்கின்றன.

அவனுக்கென்ன, தலைப்பு கிடைத்துவிட்டது:
தீவின் காலைப் பேருந்து எத்தனை வழிகளில் தாமதமாகலாம்.
தரவு சேகரிக்க
தூங்கினால் போதும்.

முடிச்சுகளை யோசித்தேன். துறைமுகம் முழுக்க முடிச்சுதான்.
ஆனால் கணிதத்தின் முடிச்சுக்கு நுனி கிடையாது,
நுனியே இல்லாத ஒன்றை
எங்கே பிடித்துத் தொடங்குவது?
வரைபடத்துக்கு நான்கு வண்ணம் போதும் என்கிறார்கள்.
நாங்கள் தீவு. ஒரு வண்ணம் போதும்,
மிச்சமெல்லாம் நீலம்.

செவ்வாய் இரவு பட்டியலில் முப்பத்தொன்று.
பாதி, யாரோ முடித்துவிட்டவை.
பாதி, யாராலும் முடியாதவை.
இரண்டுக்கும் நடுவில்
பதினேழு வயது நுழையும் அகலத்தில்
ஒரு சந்தாவது இருக்காதா?

புதன்கிழமை ஹெல்டெர்மா படகுத்துறை.
படகு தாமதம் (மிக்கெல் குறித்துக்கொண்டான்).
டிக்கெட் அறைக்குப் பின்னால், சுவரில் சாய்ந்து
துருவேறிய ஒரு பலகை,
கடல் உறையும் வருஷங்களில்
பனிமேல் போடும் சாலைக்கானது.
இருக்கைப் பட்டை போடாதீர்கள்.
இருநூற்றைம்பது மீட்டர் இடைவெளி விடுங்கள்.
இருபத்தைந்துக்குக் கீழே போகலாம். நாற்பதுக்கு மேலே போகலாம்.
நடுவே போகக் கூடாது.

மெதுவாகப் போ என்று சொல்லும் பலகை உலகமெங்கும் உண்டு.
நடுத்தரமாகப் போகாதே என்று
இந்த ஒன்றுதான் சொல்லிப் பார்த்தேன்.

டிக்கெட் கொடுப்பவரிடம் கேட்டேன்.
'அந்த வேகத்தில் போனால் பனி உடையும்.'
ஏன்?
'உடையும்.'

அந்த இரண்டாவது 'உடையும்' என் தலைப்பு.

திரும்பும் வழியெல்லாம் படித்தேன்.
பனிக்கு அடியில் கார் ஓர் அலையைத் தள்ளுகிறது.
மெதுவான காரை விட்டு அலை ஓடிப்போகும்,
வேகமான கார் அலையை விட்டு ஓடிப்போகும்,
இடையில் ஒரு வேகத்தில் இரண்டும் ஒன்றையொன்று
விடுவதில்லை.
எட்டாவது பக்கத்தில் சமன்பாடு வந்தது.
பனி வளைவதற்கு நான்காம் வகைக்கெழு.
நான் இரண்டாவதிலேயே இன்னும் சறுக்கிக்கொண்டிருக்கிறேன்.

அழவில்லை. வெட்டத் தொடங்கினேன்.
பனியை எடுத்தேன். காற்றை எடுத்தேன். உப்பை எடுத்தேன்.
காரை ஒரு புள்ளியாக்கினேன்.
நீரிணையில் ஒரே ஓர் இடம், ஒரே ஓர் ஆழம்.
வேடிக்கை என்னவென்றால்
விஷயம் சுருங்கச் சுருங்கத் தலைப்பு நீண்டது:
'ஆழம் மாறாத ஆழமற்ற நீரில் சீரான வேகத்தில் நகரும்
ஒற்றைச் சுமைக்கு முன்னால் உருவாகும்...'
கோடு தீர்ந்து,
எழுத்துகள் ஓரத்தில் இறங்கி,
கையெழுத்துக்கு விட்ட இடத்தைத் தின்றன.
பகா எண்களுக்கு இரண்டே சொல் போதுமாயிருந்தது.

அடுத்த கேள்வி: எப்படிச் சரிபார்ப்பீர்கள்?
போன குளிர்காலம் கடல் உறையவில்லை.
அதற்கு முந்தையதும்.
இந்த வருஷமும் அந்தப் பலகை
சுவரைப் பார்த்தே நிற்கக்கூடும்.

வியாழன் இரவு, ரொட்டி சுடும் தட்டில் இரண்டு விரல் தண்ணீர்,
தேக்கரண்டியில் நூல், மிக்கெலின் கையில் நிறுத்துகடிகாரம்.
மெதுவாக இழுத்தேன், ஒன்றுமில்லை.
வேகமாக இழுத்தேன், கொஞ்சம் சலசலப்பு.
மூன்றாம் முறை
கரண்டிக்கு முன்னால் ஒரு முதுகு எழும்பி
கூடவே வந்தது, வந்து
விளிம்பைத் தாண்டி
அம்மாவின் தரையெல்லாம்.

எத்தனை வினாடி, என்றேன்.
அவன் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான்,
பொத்தானை அழுத்த மறந்திருந்தான்.

துடைக்கவில்லை.
மறுபடி நிரப்பு.