இரண்டாவது வால்

புன்டா அரினாஸ். காற்று
கூரைத் தகரத்தின் ஆணிகளை எண்ணிக்கொண்டிருக்கிறது.
ராக்கின் முதுகுப் பக்கம்
டார்ச்சைப் பல்லில் கடித்தபடி யஸ்னா குனிகிறாள்.

கன்சோல் சர்வருக்கு மின்வடம் இரண்டு.
ஒன்று செத்தால் மற்றொன்று என்பது ஏற்பாடு.
இரண்டையும் இடப்பக்கப் பட்டையிலேயே
செருகிவிட்டுப் போயிருக்கிறான் எலியேசர்.
வலப்பக்கத்துக்கு ஒரு சாண் போதவில்லை.

திட்ட வந்த வாயை டார்ச் அடைத்திருக்கிறது.

மாடியேறி
மேலாளர் மேசைத் திரையின் வடத்தை உருவி வருகிறாள்,
நீளமானது.
வலப்பக்கம் செருகி, இடப்பக்கத்தைப் பிடுங்கிப் பார்க்கிறாள்:
விசிறியின் மூச்சு நிற்கவில்லை.

நெட்வொர்க் துளையில் ஒரு க்ளிக். பச்சை.
அடுத்த துளையில் மொபைல் மோடம்:
ஊர்க் கம்பியெல்லாம் அறுந்த இரவில்
வீட்டிலிருந்தே நுழையக் கொல்லைக் கதவு.

ரௌட்டரின் சீரியல் வடம் மட்டும்
கேள்விக்குறியும் கட்டங்களுமாய் உளறுகிறது.
வேகத்தை மாற்றுகிறாள்.
எண்டர்.
இன்னொரு எண்டர்.

பெயர் என்ன என்கிறது திரை.

அவளுக்கு இன்னும் கணக்குத் திறந்து தரவில்லை.
தூசி படிந்த விரலால்,
ஒவ்வோர் எழுத்தாக,
எலியேசர் என்று அடிக்கிறாள்.
உள்ளே விடுகிறது.