நான்கு நொடி

சாயோகோ அவர்களே,
ஒவ்வொரு வாக்கியத்தையும் சொல்லிவிட்டு
நான்கு நொடி சும்மா இருக்கிறீர்கள்,
நான் திருப்பிச் சொல்ல.
பிறகு, நான் என்ன உளறியிருந்தாலும்
"மிக நன்று" என்கிறீர்கள்.
என்னைப் பெற்றவள்கூட அப்படிச் சொன்னதில்லை.

விடுதியிலிருந்து சிப்பி ஆலைக்கு
இருபத்திரண்டு நிமிட நடை.
உங்கள் பாடம் பத்தொன்பது.
மிச்சம் மூன்று நிமிடம் கடல் பேசும்.
பிப்ரவரியில் அதுவும் பேசாது,
கரைவரை பனிக்கட்டி வந்து
வாயை அடைத்துவிடும்.

ஐந்தாம் பாடம்: நிலையம் எங்கே?
எகி வா தொகோ தெஸ் கா.
விடிவதற்கு முன், ஆளில்லாத சாலையில்
நாற்பது தடவை கேட்டிருப்பேன்.
கார்மேல் பனி சுரண்டிக்கொண்டிருந்த ஒருவர்
நிமிர்ந்து பார்த்தார், குனிந்துகொண்டார்.
இந்த ஊரில் நிலையமே இல்லை.
பேருந்து மட்டும்தான்.

எங்கள் ங்கே ஆனில் எங்கே என்பதற்கு
"மோ" என்போம்.
ஹனோய்க்காரர்கள் அப்படிச் சொல்வதில்லை.
அங்கே தையல் ஆலையில் சேர்ந்த முதல் நாள்
"மோ" என்று வாய் திறந்தேன்,
அடுத்த மெஷின்காரி
நூலை அறுத்துக்கொண்டு சிரித்தாள்.
பாடத்தில் வராத "எங்கே"க்கள்
உலகத்தில் உண்டு என்று
அன்றே தெரியும் எனக்கு.

ஆனாலும் மாட்டிக்கொண்டேன்.
பதினேழாம் பாடம்: பூங்கா, பிள்ளைகள், பந்து.
நகேரு என்றால் எறிவது.
மறுநாள் குதோ
உடைந்த ஓடுகள் நிரம்பிய வாளியைக் காட்டி
"நகேத்தே" என்றார்.
எறிந்தேன்.
நான்கு அண்ணன்மாரோடு வளர்ந்த கை.
வாளி பெல்ட்டைத் தாண்டிப் போய்
சுவரில் மோதிக் கவிழ்ந்தது.

யாரும் சத்தமாகச் சிரிக்கவில்லை.
தோள்கள் மட்டும் குலுங்கின.
குதோ சரக்குச் சீட்டின் முதுகில்
எழுதிக் காட்டினார்:
இங்கே அந்தச் சொல்லுக்கு
குப்பையில் போடு என்றுதான் பொருளாம்.
எறிவது எல்லாம் தோக்கியோவில்.
தோக்கியோ என்று எழுதி
தாளின் விளிம்புவரை ஓர் அம்புக்குறி.

அன்றிரவு இதை முழுக்க
உங்களிடம் சொல்லத் தொடங்கினேன்.
முதல் வாக்கியம் முடிவதற்குள்
"மிக நன்று" என்றுவிட்டீர்கள்.

வாளிக்காக குதோவிடம் ஏதாவது பேச வேண்டும்.
பிழையில்லாமல் வருவது ஒன்றுதான்.
மதிய உணவில் கேட்டேன்: நிலையம் எங்கே?
அவர் குச்சிகள் பாதி வழியில் நின்றன.

வேலை முடிந்ததும்
தன் சின்ன லாரியில் ஏற்றிக்கொண்டார்.
ஒரு கடையின் கார் நிறுத்துமிடம்,
ஆள் உயரத்துக்குக் குவித்த பனி.
காலடியால் அளந்தார்:
இதுவரை நடைமேடை.
இங்கே டிக்கெட் வாசல்.
கடைசி ரயில் போனபோது அவருக்கு ஆறு வயதாம்.
கையில் கொடி கொடுத்திருந்தார்களாம்.
அழுதாராம், ரயிலுக்காக இல்லை,
கையுறை ஒன்று தண்டவாளத்தில் விழுந்துவிட்டது.
வேகமாகச் சொன்னார்.
பத்துச் சொல்லில் ஆறு பிடித்தேன்.
கையுறையை அவர் கைதான் சொன்னது.
ஆனால் "அத்தா" தெளிவாகக் கேட்டது,
உங்கள் பன்னிரண்டாம் பாடம்:
இருந்தது.

பிறகு அவர் கேட்டார்,
உங்கள் பாஷையில் எங்கே என்பது எப்படி?
ஹனோய்ச் சொல் நாக்குவரை வந்தது.
விழுங்கிவிட்டு
"மோ" என்றேன்.

நான்கு நொடி விட்டேன்.

கேள்வி ஆயிற்றே என்று
முடிவில் குரலை ஏற்றினார்.
அது தட்டையான சொல், ஏறக் கூடாது.
மறுபடி ஏற்றினார்.
மூன்றாவது தடவை இன்னும் மேலே.
"மிக நன்று" என்றேன்.

நாளை பதினெட்டாம் பாடம், வானிலை.
குளிருக்கு நீங்கள் சொல்லப்போகும் சொல்
இந்த ஊருக்குக் காணாது.
இங்கே ஒன்று இருக்கிறது: சிபாரேரு.
மூக்குமயிர்வரை உறைந்தால்தான் சொல்வார்களாம்.
உங்கள் முறை முடிந்ததும் சொல்கிறேன்,
நான்கு நொடி போதும்.