மைனஸ் இரண்டு

பகலெல்லாம் நான் முகம் வெளுப்பவள்.
வள்ளியூர் பேருந்து நிலையத்துக்கு எதிர் மாடியில்
ஆறுக்கு எட்டு அறை, பின்னால் நீலத்துணி.
"கொஞ்சம் கலராக்கிருங்க அக்கா."
பெண் வீட்டுக்குப் படம் அனுப்ப வந்த பையன்
தரையைப் பார்த்துக்கொண்டு சொல்வான்.
நானும் இழுத்துவிடுவேன்.
வெயில் இருபத்தெட்டு வருஷம் எழுதியதை
மூன்று நொடியில் அழிக்க
எட்டுப் படத்துக்கு எண்பது ரூபாய்.

ஐந்தரைக்குக் கடையைப் பூட்டி
ட்ரைபாடை ஸ்கூட்டியில் குறுக்கே கட்டினால்
தெற்கேதான் போகும் வண்டி.
பணகுடி தாண்டியதும் காற்றுக்கு ஆள் தெரியாது,
யாரையும் பிடித்துத் தள்ளும்.
தை மாசம், இன்றைக்குச் சும்மா கிடக்கிறது.
காற்றாலைகள் கைவிரித்து நிற்கின்றன.
ஒன்று மட்டும்
எதையோ எண்ண விட்டுப்போனது போல
மெல்லத் திரும்பிப் பார்க்கிறது.

சிவந்தியான்குளத்துக் கரை.
மகேந்திரகிரிக்கு இடப்பக்கச் சரிவில் சூரியன் போயாயிற்று.
மலை முதலில் நீலம்,
அப்புறம் கத்தரிப்பூ,
அப்புறம் அடிப்பிடித்த சட்டி.
சட்டியாகும் வரை காத்திருப்பேன்.

காமிராவுக்கு இருட்டு ஆகாது.
என் கடைக்கு வருகிறவர்களைப் போலத்தான் அதுவும்,
எதைக் காட்டினாலும் வெளுக்கப் பார்க்கும்.
உடங்காட்டைச் சாம்பலாக்கும்,
பனைக்குப் பவுடர் பூசும்.
சக்கரத்தைத் திருப்பி மைனஸ் இரண்டில் நிறுத்துகிறேன்.
கறுப்பு, கறுப்பாகவே இரு.

முப்பது நொடி.
மூச்சைப் பிடிக்கத் தேவையில்லை, பிடிக்கிறேன்.
நீர்க்கோழி ஒன்று கோரைக்குள் ஓடுகிறது.
படத்தில் அது இருக்காது.
நின்றவை மட்டும் இருக்கும்:
எட்டுப் பனை, தலை போன இன்னொன்று,
தண்ணீரில் காற்றாலைகளின் சிவப்பு விளக்கு.

"யாரு அது?"
டார்ச் முதலில் வந்தது, ஆள் பிறகு.
"விளக்க அணைங்க அண்ணாச்சி, படம் கெட்டுரும்."
அணைத்துவிட்டார்.
அதை நான் எதிர்பார்க்கவில்லை.
ஹேண்டில்பாரில் சாவி இருக்கிறதா என்று
ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.
"ஒத்தையில, இருட்டுல, என்னத்த எடுக்கே?"
"இருட்டத்தான்."
சிரிக்கவில்லை.
பலவேசம் என்று பெயர் சொன்னார்.
இந்தக் குளத்துக்குத் தண்ணீர் திருப்புகிறவராம்,
முறை பார்த்து, பொழி பார்த்து.

திரைக்குக் குனிந்தார். பீடியும் ஈரச்சேறும் மணத்தன.
வெற்றிலை அளவு படம்.
"ஒண்ணும் தெரியலியே" என்பார்,
எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள்,
அதற்கொரு பதிலும் என்னிடம் தயாராக இருந்தது.

விரல் கீழ்மூலைக்குப் போயிற்று.
வெறும் கறுப்பென்று நான் விட்டிருந்த இடம்.
"இது என்னது, வெள்ளநூலு?"

பெரிதாக்கினேன்.
கரைக்கு அந்தப்பக்கம், பிசானப் பயிருக்குள்,
முடி கனத்துக்கு ஒரு வெளிச்சம்.
வானத்தில் மிஞ்சியதைத் தூக்கிக்கொண்டு
தண்ணீர் எங்கோ போய்க்கொண்டிருந்தது.

"எவம்லே மடையத் தொறந்தது!"
என்னைக் கேட்கவில்லை.
செருப்பை உதறிவிட்டு ஓடினார்.

விரல் தானாக அழுத்தியிருக்க வேண்டும்.
மறுபடி முப்பது நொடி.
தூரத்தில் வசவு,
இரும்பு இரும்போடு உரசும் சத்தம்.

படத்தில் பலவேசம் இல்லை.
கரையின் முதுகில் ஒரு மஞ்சள் கோடு,
மேலேறி, கீழிறங்கி,
ஓரிடத்தில் அறுந்து
(தடுக்கியிருப்பாரோ)
மறுபடி தொடங்கி
மடைக்கல் அருகே முடிச்சு விழுந்து கிடக்கிறது.
இத்தனை வருஷமாக
ஆள் குறுக்கே வந்த படத்தை நான் வைத்துக்கொண்டதில்லை.

வெறுங்கண்ணால் அந்த நூலைத் தேடினேன்.
காணவில்லை.
மடை அடைபட்டதா, இருட்டு கூடிவிட்டதா,
இங்கிருந்து சொல்ல முடியாது.
லென்ஸை மூடிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.
ட்ரைபாடின் காலடியில் ரப்பர் செருப்பு இரண்டு,
ஒன்று கவிழ்ந்து.
எடுக்க வருவார்.