வருகையின் நோக்கம்

அனுமதிப் படிவத்தின் இடதோரத்தில்
மேலிருந்து கீழாக ஓடும் கறுப்புக் கோடு
என் மெஷினுடையது.
அஸ்தம்பட்டியில் என் ஜெராக்ஸ் கடை;
டிரம்மில் கீறல் விழுந்து எட்டு மாதமாகிறது.
வனத்துறைக்கு இருநூறு பிரதி எடுத்துக் கொடுத்தேன்.
அதில் ஒன்று
சேர்வராயன் மலையடிவாரத்தில், காலை ஆறேகாலுக்கு,
என்னிடமே திரும்பி வந்து
பூர்த்தி செய் என்கிறது.

பெயர்: செண்பகவடிவு. வயது: நாற்பத்தொன்பது.
உடன் வருவோர்: யாருமில்லை.
வருகையின் நோக்கம்:
'சும்மா' என்று எழுதினேன்.
காவலர் தீர்த்தகிரி எட்டிப் பார்த்தார்.
"சும்மான்னு எழுதுனா ரேஞ்சர் ஏத்துக்க மாட்டாருங்க."
அடித்துவிட்டுப் 'பொழுதுபோக்கு' என்று எழுதினேன்.
போக்க வேண்டிய பொழுது
என்னிடம் மூட்டைமூட்டையாக இருப்பதுபோல்
தலையாட்டினார்.

பையைத் திறந்து பிளாஸ்டிக் எண்ணினார்.
தண்ணீர் பாட்டில், பிஸ்கட் உறை இரண்டு,
மாத்திரை அட்டை, ஊறுகாய்ப் பாக்கெட்.
ஐந்து.
ஓசூரிலிருந்து வந்த பையனின் ஸ்பீக்கரை வாங்கி
இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.
உள்ளேயிருந்து அது ஒருமுறை
'பேட்டரி லோ' என்றது.

ஏழு பேர் நடந்தோம்.
முதல் ஒரு மணி நேரம் என் மூச்சைத் தவிர
காட்டில் வேறெதுவும் எனக்குக் கேட்கவில்லை.
சூரைமுள் துப்பட்டாவை இழுத்தது.
மூங்கில் உரசுவது
பேப்பர் சிக்கிய மெஷின்போல இருந்தது.
மலைக்கும் கடையைத் தூக்கிக்கொண்டா வருவாய் என்று
என்மேலேயே எரிச்சல் வந்தது.

பாறைமேல் ஏறியதும் சேலம்.
மேக்னசைட் தோண்டிய இடம்
அவசரத்தில் சுண்ணாம்பு தடவிய வெற்றிலை.
எல்லோரும் அவரவர் வீட்டைத் தேடினார்கள்.
நான் ஒரு நீல ஷட்டரைத் தேடினேன்.
கிடைக்கவில்லை. நல்லது.

காட்சிமுனைக்கு இன்னும் ஒன்றரைக் கிலோமீட்டர் இருக்கையில்
தீர்த்தகிரி கையை உயர்த்தினார்.

பாதையில் காட்டுமாடு.
கறுப்பென்றால் போதாது,
புது டோனர் கொட்டிய கறுப்பு.
நாலு காலிலும் முட்டிவரை வெள்ளை சாக்ஸ்.
பள்ளிக்கூடம் போக மனமில்லாத பெரிய பிள்ளைபோல்
நடுவழியில் நின்றது.
அதனிடம் யாரும் நோக்கம் கேட்கவில்லை.
அது எங்களை நோக்கியது.
அந்தச் சொல்லுக்குள் இப்படியொரு பார்வை இருந்ததை
இருநூறு முறை நகலெடுத்தும்
நான் கவனித்ததில்லை.

நாற்பது நிமிடம்.
ஓசூர்ப் பையன் என் மணிக்கட்டை எப்போது பிடித்தான் என்று
அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.
பொழுது போகவில்லை.
மூச்சுவிட்டுக்கொண்டு,
காதசைத்து ஈ ஓட்டிக்கொண்டு,
எதிரே நின்றது.
பிறகு சரிவில் இறங்க,
புதர் மூடிக்கொண்டது.

"இன்னைக்கு இவ்வளவுதாங்க."
திரும்பினோம். காட்சிமுனையை நான் பார்க்கவேயில்லை.

கீழே மறுபடி எண்ணிக்கை. ஆறு.
ஓடையோரம் நான் பொறுக்கியது ஒன்று,
எழுத்தெல்லாம் வெளுத்த ஷாம்பு பாக்கெட்.
குறைந்தால் அபராதம் உண்டு;
கூடினால் எழுதக் கட்டம் இல்லை.
என் கறுப்புக் கோட்டுக்கு வெளியே
சின்னதாக +1 போட்டார்.
அப்புறம், சுடிதார் காலில் ஒட்டியிருந்த
ஒட்டுப்புல்லைக் காட்டி,
"காட்டுப் பொருள் எதுவும் வெளிய போகக் கூடாதுங்க" என்றார்.
அவர் சிரிக்கவில்லை. நானும்தான்.
பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கி
கேட்டுக்கு உள்பக்கம் போட்டேன்.
கால் மணி நேரம் ஆயிற்று.
ஸ்பீக்கரை வாங்கிய பையன்
அதை முடுக்காமலே பைக்கில் ஏறிப் போனான்.

இரவு துணி அலசும்போது
துப்பட்டா முனையில் இன்னும் மூன்று.

ஒரு பழைய கவரில் போட்டு வைத்திருக்கிறேன்.
அடுத்த ஞாயிறு கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.
அந்தக் கட்டத்தில் எழுத
இந்த முறை
ரேஞ்சர் ஏற்றுக்கொள்கிற மாதிரி
ஒரு காரணம் இருக்கிறது.