பதினாறு பற்கள்

வெரோனா அஞ்சலகத்தின் பின்னறையில்
பிறர் கடிதங்களைப் பிரிப்பது என் உத்தியோகம்.
ஆவிக்கு ஒரு கெண்டி,
எலும்பில் செய்த மெல்லிய கத்தி,
திரும்ப ஒட்டக் கோந்து.
முத்திரை நோகாமல் திறக்கும் கை என்று
கிறிஸ்துமஸுக்கு ஒரு புட்டி ஒயின் தருவார்
மேலதிகாரி க்ரூபிட்ச்.

மலையூர் அகோர்தோவிலிருந்து
மாதம் இருமுறை ஒரு பொட்டலம்.
அனுப்புநர் எலிசேயோ சொம்மாவில்லா, வட்டார வைத்தியர்.
பெறுநர் துரீனில், விதவை கொஸ்தான்ஸா பெல்லியோ.
துரீன் எல்லைக்கு அப்பால்.
அப்பால் என்றாலே நாங்கள்
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொள்வோம்.

உள்ளே பாசி.
காய்ந்து கருத்த, கிள்ளினால் உதிரும் பாசி.
கூடவே ஒரு சீட்டு:
"செம்புச் சுரங்க வாயில், வடக்குச் சுவர், ஒரு பிடி.
பற்கள் பதினாறு.
வெயிலில் திறந்திருந்தன.
மழைக்கு மூடிக்கொண்டன."

பல் என்றால் பீரங்கி, என்றார் க்ரூபிட்ச்.
வியன்னாவுக்கு அறிக்கை போனது.
சுரங்க வாயிலுக்குச் சிப்பாய்கள் போனார்கள்,
நனைந்த பூட்சோடு திரும்பினார்கள்.
பீரங்கி இல்லை.
குனிந்தபடி ஒரு மனிதர் சுவரை நக்குவதுபோல்
லென்ஸ் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.
காய்ச்சல்காரன் ஒருவன் கழுதையோடு
அவருக்காகக் காத்திருந்தானாம்.

காதலாவது இருக்கும் என்று தேடினேன்.
ஏழு வருடக் கடிதங்களில்
ஒருவரை ஒருவர் நலமா என்று கேட்டதில்லை.
அந்த அம்மாள் எழுதுவாள்:
"இலை நுனி நீங்கள் சொன்னதைவிடக் கூர்மை.
படத்தைத் திருத்திவிட்டேன்."
அவர் எழுதுவார்:
"திருத்தியது சரி. அன்று என் கண்ணில் புகை."
அவ்வளவுதான்.
நான் ஏன் அதை இருமுறை படித்தேன்?

ஒரு மார்ச் மாதம்
பொட்டலத்தின் முதல் மடிப்பில் வேறொரு சீட்டு.
"கடிதம் திறக்கும் ஐயாவுக்கு.
போன முறை கோந்து அதிகம்.
மூன்றாம் எண்ணின் தண்டு ஒட்டிப் பிய்ந்துவிட்டது.
மாவுப் பசை உத்தமம்.
ஐந்தாம் எண்ணை மட்டும் ஆவியில் காட்ட வேண்டாம்.
அது விழித்துக்கொள்ளும்."

க்ரூபிட்சிடம் காட்டியிருக்க வேண்டும்.
அதற்குத்தான் சம்பளம்.
சீட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு
மாலையில் அரைப்படி கோதுமை மாவு வாங்கினேன்.

ஐந்தாம் எண்ணில் ஒரு நகக்கண் அளவு திருடினேன்.
இதை எந்தப் பாதிரியாரிடமும் சொல்லவில்லை.
வீட்டில் தட்டில் வைத்து
விரல் நுனியிலிருந்து ஒரு சொட்டு.
முறுக்கிக் கிடந்த கருப்பு
சோம்பல் முறிப்பதுபோல் பிரிந்து
பச்சையாகிப் படுத்தது.
நான் இரு அடி பின்வாங்கினேன்.
வேண்டாம் என்று அவர் சொல்லாமலிருந்தால்
தொட்டிருக்கவே மாட்டேன்.
அது அவருக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

அறுபத்தாறில் கொடி மாறியது.
சதுக்கத்தில் பட்டாசு, கண்ணீர், குடி.
க்ரூபிட்ச் இரவோடிரவாக ரயிலேறினார்.
புதிய அரசுக்கும் கெண்டி தேவைப்பட்டது.
என்னை வைத்துக்கொண்டார்கள்.
ஆனால் துரீன் இப்போது அப்பால் இல்லை.
அகோர்தோ பொட்டலங்கள் என் மேசைக்கு வராமல்
முன்னறை வழியே நேராகப் போயின.
ஊரே விடுதலை பெற்ற மாதத்தில்
எனக்கு மட்டும் ஒரு கதவு சாத்திக்கொண்டது.
யாரிடம் போய்ச் சொல்ல?

சில நாள் பையைத் தூக்கிப் பார்க்கும் சாக்கில்
கையால் எடை போடுவேன்.
கனம் குறைவு: மலையில் பனி.
மூலை ஈரம்: அவசரமாகக் கட்டியிருக்கிறார்.
பிறகு ஒரு குளிர்காலம் முழுக்க எதுவும் வரவில்லை.
ஏப்ரலில் துரீனிலிருந்து ஓர் உறை,
அவர் பெயருக்கு,
"பெறுபவர் இல்லை" என்ற முத்திரையோடு
மலையிலிருந்து இறங்கிப் போயிற்று.
அதைத் திறக்க எனக்கு அதிகாரம் இல்லை.
திறக்கவும் இல்லை.
விளிம்பைத் தடவிப் பார்த்தேன்,
மாவுப் பசை.

என்னிடம் இன்னும் அந்த நகக்கண் அளவு இருக்கிறது.
ஞாயிறுகளில் ஒரு சொட்டு கொடுப்பேன்.
லென்ஸை ஒற்றைக் கண்ணில் இடுக்கி
பற்களை எண்ணுவேன்.
பதினொன்றுக்கு மேல் போனதில்லை,
மூச்சுக் காற்றுப் பட்டதும் மூடிக்கொள்கிறது.