பத்தொன்பது

ஷோரூம் பையன் பழக்கதோஷத்தில்
இரண்டு எலுமிச்சையைச் சக்கரத்தடியில் வைத்துவிட்டு
என் முக்காட்டைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டான்.
இருக்கட்டும் தம்பி என்றேன்.
பிஸ்மி சொல்லி ஏறினேன். ஒன்று நசுங்கியது.
உருண்டு தப்பியதை முஹ்சினா பொறுக்கிப்
பாவாடைப் பைக்குள் போட்டாள்.
"சர்பத்துக்கு ஆவும்."

சத்தமே இல்லாத வண்டி.
ஓடுகிறதா நிற்கிறதா என்று
என் உள்ளங்கைக்கே சந்தேகம்.
மூவாயிரத்து நானூறு, முப்பத்தாறு மாதம்.
உப்பளத்தில் எடைச்சீட்டு எழுதுகிறவளுக்கு
அந்தப் பெருக்கல் ஒரு வாரமாகத் தூக்கத்திலும் வரும்.

"வாப்பாக்குத் தெரியுமா உம்மா?"
"தெரியும்."

ஐம்பத்தெட்டு சதவீதம்தான் ஏற்றியிருந்தார்கள்.
வாலிநோக்கம் முப்பத்து மூணு கிலோமீட்டர்தானே அக்கா,
தாராளமாய்ப் போகலாம் என்றான்.
கணக்கு சரிதான்.
ஆனி மாதக் கச்சானை அதில் அவன் சேர்க்கவில்லை.

திரையில் என்னவோ பச்சையாய் மினுங்கியது.
எனக்கு வெள்ளெழுத்து.
கண்ணாடி எடைமேசை இழுப்பறையில் கிடக்கிறது.
எதிரே வரும் லாரியின் நம்பரை வாசித்துவிடுவேன்,
என் இரண்டு கைக்கும் நடுவில் இருப்பதை முடியாது.
"நீ சொல்லிக்கிட்டே வா புள்ள."
அக்குளுக்கடியில் தலையை நீட்டி அவள் வாசித்தாள்,
நான் ஓட்டினேன்.

திருப்புல்லாணி தாண்டி, ஐம்பது.
கீழக்கரை வளைவில்
ஐஸ் பெட்டி ஏற்றிய வேனுக்கு ஒதுங்கி நின்றபோது, முப்பத்தெட்டு.
அப்புறம் பனைகள் ஒரே பக்கமாய்ச் சாய்ந்து நிற்கிற அந்த நீட்டு ரோடு.
காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளியது,
எங்கே போகிறாய் என்று கேட்பதுபோல.
முப்பத்து மூணு. முப்பது. இருபத்தாறு.
கைப்பிடி ஈரமாகிவிட்டது.
ஏர்வாடியில் பச்சைக்கொடி
கிழிந்துவிடுவதுபோல் படபடத்தது.
"இப்ப எவ்வளவு?"
"இருபது."
சலவாத்து ஓத ஆரம்பித்தேன், சத்தமாகவே.

"இப்ப?"
"பத்தொன்பது."
கருவேலங்காடு முழுக்கக் கடந்தாயிற்று.
"இப்ப?"
"பத்தொன்பதுதான்."
காற்று தணிந்துவிட்டது என்று நினைத்தேன்.
தணியவில்லை, முக்காடு காதில் அறைந்துகொண்டுதான் இருந்தது,
இருந்தாலும் அப்படித்தான் நினைத்தேன்.
அல்ஹம்துலில்லாஹ்.
கொஞ்சம் முறுக்கினேன்.
முதல்முறையாக ஒரு பைக்காரனை முந்தினேன்.
பின்னால் அவள் சிரிக்கவில்லை.

உப்புக் குவியல்கள் தெரியத் தொடங்கிய இடத்தில்
வண்டி பெருமூச்சுகூட விடாமல் நின்றது.

ஸ்டாண்டு போட்டுவிட்டுத் திரும்பினேன்.
"பத்தொன்பதுன்னு சொன்னே?"
கீழே பார்த்துக்கொண்டு நின்றாள்.
"நீங்க பயந்தா கை ஆடுது. வண்டியும் ஆடுது."
திட்டுவதற்கு வாய் திறந்தேன்.
போன் அடித்தது. மங்களூரிலிருந்து, போட்டு கரைக்கு வந்திருக்கும்போல.
எங்கே காற்று இரையுது என்றார்.
"ராம்நாடு போய்ட்டு வர்றோம்.
ஆட்டோவுலதான்.
ஆமா, கிட்ட வந்துட்டோம்."

வைத்தேன்.
முஹ்சினா என்னைப் பார்த்தாள்.
பத்து வயதுக் கண்ணுக்கு அவ்வளவு நேரம்
இமைக்காமல் இருக்க முடியும் என்று எனக்குத் தெரியாது.
பிறகு ஒன்றும் சொல்லாமல் பின்னால் போய்
சீட்டுக்கடியில் இரண்டு கையையும் கொடுத்தாள்.

தள்ளினோம்.
புது டயரில் ஒட்டியிருந்த ரப்பர் முடிகள்
ஒவ்வொன்றாய்த் தாரில் உரசின.
நூறு கிலோ, கூடக் கொஞ்சம் இருக்கும்,
எடை விஷயத்தில் நான் தப்பமாட்டேன்.
பாத்திகளில் சூரியன் கலங்கிக் கிடந்தது.
எலுமிச்சையைக் கடித்துப் பாதியை நீட்டினாள்.
தோலோடு தின்றேன்.

"இன்னும் எவ்வளவு தூரம் உம்மா?"

"பத்தொன்பது."

என்ன பத்தொன்பது என்று அவள் கேட்கவில்லை.
மூக்கால் மட்டும் ஒரு சத்தம் வந்தது,
வண்டி சட்டென்று கொஞ்சம் லேசானது.