மரம் மட்டும் வீட்டுக்கு வரலாம்

இரும்பு கிளப்பை விட்டு வெளியே வராது.
சட்டம் அப்படி. பெட்டகத்துக்கு இரண்டு பூட்டு,
ஒரு சாவி செயலாளர் ஹப்புகொடவிடம்,
மற்றது பதிவேட்டில் ஒரு கையெழுத்துக்குப் பின்னால்.
மரம் மட்டும் வீட்டுக்கு வரலாம்.

ஆகவே என் துவக்கில் பாதி
நூறாம் நம்பர் பஸ்ஸில்
வெள்ளவத்தைக்கு வந்து போனது,
பழைய படுக்கை விரிப்பில் சுற்றி,
என் மடியில் குறுக்கே.

கொப்பியில் கணக்கு இருக்கிறது.
போல்ட்டும் அதன் கூடும்: பண்டாரவளையில்
மூடிக் கிடந்த ஒரு பங்களா ஏலத்தில்.
விலையை விட அனுமதி மாற்றிய செலவு கூட.
பதினொரு மாதம். ஏழு அலுவலகம்.
ஒவ்வொன்றிலும் என் பெயரை இரண்டு தரம் வாசித்தார்கள்.
குழல்: மெல்பேர்ணுக்குப் போன பல் டொக்டர்
விட்டுப்போனது. "இரண்டாயிரம் வெடி தின்றது,
இன்னும் சொத்தை விழவில்லை" என்றார்.
தொலைநோக்கி: தவணை. இன்னும் முடியவில்லை.
மரம்: தெஹிவளையில் இடித்த வீட்டின் மாடிப்படி,
மஹோகனி, ஒரே ஒரு படி.
யார் யாரோ ஏறி இறங்கி
நன்றாகக் காய்ந்திருந்தது.

பஞ்சிகாவத்தையில் நியாஸ்டீன்
பஜரோவுக்குக் கடைந்துகொண்டிருந்த லேத்தில்
எனக்கு இரண்டு திருகாணி கடைந்தார்.
"இது எதைச் சுடும், மிஸ்?"
"கடதாசியை."
"எவ்வளவு தூரத்தில?"
"முந்நூறு மீற்றர்."
லேத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.
முந்நூறு மீற்றர் போய், கடதாசியையா?
காசு வாங்கவில்லை.
சிரித்ததற்குச் சரியாய்ப் போயிற்றாம்.

ஞாயிறுகளில் கிளப் வாங்கில்
இரும்பின் அடியில் லிப்ஸ்டிக் பூசி
மரத்தில் வைத்து அழுத்துவேன்.
மேடான இடம் சிவக்கும்.
சிவந்ததைச் சுரண்டுவேன். மறுபடி பூசுவேன்.
முழுக்கச் சிவந்தால்தான் பொருத்தம்.
கல்யாண வீடுகளுக்கென்று வாங்கிய நிறம் அது,
இங்கேதான் தீர்ந்தது.

குழல் மட்டும் மரத்தைத் தொடக்கூடாது.
இருபது ரூபாய்த் தாளை இடையில் நுழைத்து
நுனியிலிருந்து இழுத்துப் பார்க்கவேண்டும்.
பாதியில் நின்றது.
அரத்தாள். மறுபடி தாள்.
டொலர் ஏறிய அந்த வருஷம்
இருபது ரூபாயால் நான் கண்ட ஒரே பயன்.

கொள்ளுப்பிட்டியில் ஒரு மாலை
பஸ்ஸை நிறுத்தி ஏறினார்கள்.
விரிப்பை அவிழ்க்கச் சொன்னான்.
பிடங்கு என்று தெரிந்ததும்
பஸ்ஸில் எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள்.
அடையாள அட்டை. கிளப் கடிதம்.
"வா... கீஸ்... வரி" என்றான்,
ஒவ்வொரு எழுத்தையும் தடவி.
என்னை விடப் பதினைந்து வயது குறைந்திருக்கும்.

பிறகு, யாரும் கேட்காமலே,
இரும்பில்லாத அந்த மரத்தை எடுத்துத்
தோளில் வைத்தான்.
கன்னம் தானாகவே சாய்ந்தது.
ஒரு கண் மூடியது.
எனக்கு மூச்சு நின்றது.
அவனுக்கும்தான்;
சுடத் தெரிந்தவன் அந்த இடத்தில் மூச்சை நிறுத்துவான்.

"கன்னம் வைக்கிற இடம் உயரம்" என்றான் சிங்களத்தில்.
"கழுத்து நோகும்."
எங்கே பழகினாய் என்று நான் கேட்கவில்லை.
அந்த வடிவத்தைக் கண்டால் எனக்கு ஏன்
இன்னும் முழங்கால் தளர்கிறது என்று
அவனும் கேட்கவில்லை.
விரிப்பைத் தானே சுற்றித் தந்தான்,
குழந்தையைச் சுற்றுகிறவன் மாதிரி, கொஞ்சம் அவசரமாக.

அன்றிரவு இரண்டு மில்லிமீற்றர் இழைத்தேன்.
அவன் சொன்னது சரி.

போட்டியன்று இடப்பக்கக் காற்று.
கொடி ஒன்று சொல்ல, புல் வேறொன்று சொன்னது.
நான் புல்லை நம்பினேன்.
பதினொரு பேரில் எட்டாமிடம்.
முதலிடம் வந்தவரின் தொலைநோக்கி விலையில்
எனக்கு ஆறு துவக்கு கட்டலாம்.

கடதாசியைச் சுருட்டி
திங்கள் மத்தியானம் நியாஸ்டீனிடம் கொண்டுபோனேன்.
வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார்.
பத்து ஓட்டை. ஏழு
ஒரு தேத்தண்ணிக் கோப்பைக்குள் அடங்கும்.
மற்ற மூன்றும் வலது ஓரமாக,
ஒன்றையொன்று தொட்டபடி.

"இந்த மூன்றும் என்ன, மிஸ்?"

காற்று என்றேன்.
பாதி உண்மை.
அந்த மூன்று தரமும்
கன்னம் சரியாகப் பொருந்தியதை
நான் கவனித்துவிட்டேன்.